இரண்டாவது குண்டு எங்கே போனது? போல்ட் ரைஃபிளில் ஒரு நிகழ்வு ஆய்வு

100 மீட்டர் வரிசை. மூன்று கால் ஸ்டிக்ஸ் மேல் ரைஃபிளைத் தாங்கி, நின்றபடி, 20 நொடிக்குள் மூன்று குண்டு. எதிரே இம்பாலா மான் படம். முன்தோளுக்குப் பின்னால் 150 மி.மீ. வட்டம். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே, குளிர்கால வேட்டைப் பருவத்துக்கு முன் நடக்கும் வழக்கமான பயிற்சிதான்.

முதல் குண்டு வட்டத்துக்குள். சுட்டவர் குழலின் பின்பக்கத்தை மூடும் போல்டை இழுத்தார், வெற்று உறை வலப்பக்கம் விழுந்தது, தள்ளி மூடினார், குறி சேர்ந்ததும் விசையை அழுத்தினார். ‘டிக்’. உடனே போல்டைத் திறந்து மூடி மறுபடி அழுத்தினார். இந்தத் தடவை வெடித்தது. குண்டு வட்டத்துக்கு ஒரு சாண் இடப்பக்கம். மூன்றாவதற்குள் நேரம் முடிந்தது.

இது ஒரே ஆளுக்கு ஒரு நாள் நடந்தது அல்ல. கரையோரச் சுடுநர்களிடம் திரும்பத் திரும்ப வரும் ஒரே வகைக் கோளாறை ஓர் ஆள், ஒரு ரைஃபிள் என்று சேர்த்து எழுதியிருக்கிறது. ஆள் டோங்காட் பக்கம் சிறு கரும்புத் தோட்டக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். ரைஃபிள் .308 வின்செஸ்டர்; உள்மேகசினில் நான்கு தோட்டா பிடிக்கும்; 3–9×40 ஸ்கோப். சுட்ட உறையிலேயே மருந்தும் குண்டும் சேர்த்துத் தோட்டாவை வீட்டிலேயே கட்டுகிறார். பழகுவதற்கு ஒரு .22 போல்ட் ரைஃபிளும் உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை ஸுலுலாந்துப் பக்கம் இம்பாலா வேட்டை. காயம்பட்டு ஓடிய விலங்குக்கும் முழுக்காசு என்பது பண்ணைகளின் வழக்கம் என்பதால், இரண்டாவது குண்டு அவருக்கு விளையாட்டு விஷயமில்லை.

‘டிக்’ சொன்ன சேதி

சுற்றி நின்றவர்கள் சொன்ன முதல் காரணம் பிரைமர், அதாவது தோட்டாவின் அடியில் மருந்துக்குத் தீ மூட்டும் சிறு மூடி. வீட்டில் கட்டிய தோட்டா என்றாலே பழி முதலில் அங்கேதான் போகும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் போதும். ஏற்றியது மூன்று. தரையில் கிடந்த வெற்று உறை இரண்டு. மேகசினில் மிச்சம் ஒன்று. செத்த பிரைமரோடு ஒரு தோட்டா வெளியே வந்திருந்தால் அது புல்லில் கிடந்திருக்க வேண்டும், கிடக்கவில்லை. ஆக, முதல் ‘டிக்’ கேட்டபோது தோட்டா உட்காரும் சேம்பரே காலி.

கோளாறு வந்ததும் துப்பாக்கியைத் திட்டுவதற்கு முன்னால், சேம்பரிலிருந்து என்ன வந்தது என்று பார்க்க வேண்டும். ஒன்றுமே வரவில்லை என்றால், போல்ட் பின்னால் போதுமான தூரம் போகவில்லை. ஏற்கெனவே சுட்ட உறையே திரும்ப வந்தால் அதுவும் அதே குற்றம்தான். உறையை வெளியே தட்டிவிடும் எஜெக்டரின் வகை மட்டும் வேறு. சுடாத தோட்டா, பிரைமரில் ஆழமான குழியோடு வந்தால் பிரைமரைச் சந்தேகிக்கலாம். குழி மேலோட்டமாக இருந்தால் போல்டுக்குள் கெட்டியான கிரீஸ், தளர்ந்த ஸ்பிரிங், பிரைமர் பள்ளத்தின் அடிவரை உட்காராமல் போனது, கைப்பிடி முழுக்கக் கீழே இறங்காதது என்று நான்கையும் பார்க்க வேண்டும். பிரைமர் உயரமாக நின்றிருந்தால் முதல் அடியின் வேகம் அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். இரண்டாவது அடியில் வெடிக்கும்.

‘டிக்’ கேட்டவுடன் போல்டைத் திறந்தது வேறு தவறு. சேம்பர் காலி என்பது பின்னால்தான் தெரிந்தது. அந்த நொடியில் அவருக்குத் தெரியாது. தாமதமாகப் பற்றும் தோட்டாவாக இருந்திருந்தால், பூட்டு திறந்த பிறகு வெடித்து உறையின் சில் முகத்துக்கு வந்திருக்கும். ரேஞ்ச் ஆபீசர் அப்போதே சொன்னது: “அண்ணே, இனிமே டிக்னு கேட்டா குழல் டார்கெட்டைப் பார்த்தபடியே இருக்கட்டும். முப்பது எண்ணி முடிச்சுட்டுத்தான் கையை போல்ட் பக்கம் கொண்டு போங்க.” நேரப் போட்டி நடந்தாலும் அதுதான் விதி.

ஒரு விரல் அகலம்

.308 தோட்டாவின் முழு நீளம் அதிகபட்சம் 71.1 மி.மீ.; வெற்று உறையின் நீளம் 51.2 மி.மீ. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் கோளாறு ஒளிந்திருக்கிறது.

இந்த ரைஃபிளின் எஜெக்டர், போல்ட் முகத்தில் ஸ்பிரிங் வைத்த சிறு முளை. உறையின் வாய் திறப்பின் முன்விளிம்பைத் தாண்டியதும் அது உறையை வெளியே தட்டிவிடும். போல்ட் கடைசிவரை வரும்வரை காத்திருக்காது. அடுத்த தோட்டா மேகசினிலிருந்து எழும்ப வேண்டுமென்றால், போல்ட் முகம் அந்தத் தோட்டாவின் அடிவிளிம்பையும் தாண்டிப் பின்னால் போயாக வேண்டும். உறை தெறிக்கும் புள்ளி முதலில் வருகிறது, தோட்டா எழும்பும் புள்ளி அதற்குப் பிறகு வருகிறது. கை இரண்டுக்கும் நடுவில் நின்றுவிட்டால் கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியும்: உறை போனது, போல்ட் மூடியது. ஆனால் போல்ட் அடுத்த தோட்டாவின் முதுகின் மேல் வழுக்கிக்கொண்டு வெறும் கையோடு முன்னே போயிருக்கும்.

உங்கள் ரைஃபிளில் இதை அளக்க ஐந்து நிமிஷம் போதும். உயிருள்ள தோட்டா எதுவும் அந்த அறையில் இருக்கக் கூடாது. சேம்பரில் ஒரு வெற்று உறை, மேகசினில் இரண்டு டம்மி (மருந்தில்லாப் போலித் தோட்டா). போல்டை மெள்ள இழுத்து, உறை தெறிக்கும் இடத்தில் நிறுத்தி, ரிசீவரின் பின்விளிம்பிலிருந்து போல்டின் பின்மூடிவரை ஸ்கேலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இன்னும் இழுத்தால் டம்மி ‘டப்’ என்று மேலே எழும்பும். அங்கே ஓர் அளவு. பிறகு போல்ட் தடையில் மோதும் இடம். அங்கே ஓர் அளவு. டோங்காட்காரரின் ரைஃபிளில் முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஒரு விரல் அகலம்தான். இந்தச் சோதனைக்குச் சேம்பரில் டம்மியை வைத்துவிடாதீர்கள். டம்மி முழு நீளம். அது வெளியே வர போல்ட் இன்னும் பின்னால் போக வேண்டும், ஆகவே கோளாறு வெளியே தெரியாது. டம்மியை மட்டும் வைத்து வருஷக் கணக்கில் பழகியவர்கள் ரேஞ்சில் ‘டிக்’ கேட்டு விழிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கை எங்கே கெட்டது

ரைஃபிள் சரி, தோட்டா சரி என்றால் மிச்சம் கைதான். ஆனால் “வேகமா இழுங்க” என்று சொல்லி முடித்துவிட முடியாது. அந்தக் கை ஏன் பாதியில் நிற்கப் பழகியது? இந்த நிகழ்வில் நான்கு காரணம் கிடைத்தது. முதலாவதுதான் பெரியது.

தோட்டா கட்டுபவருக்கு வெற்று உறை காசு. மேசையில் உட்கார்ந்து சுடும்போது இவர் போல்டை மெள்ளத் திறந்து, இடக்கையைத் திறப்புக்குப் பக்கத்தில் வைத்து, உறையை விரலாலேயே எடுத்துப் பெட்டியில் அடுக்குவார். புல்லில் தொலையக் கூடாது, வாய் நசுங்கக் கூடாது, மண் ஒட்டக் கூடாது. ஒரு நாளைக்கு 40 குண்டு சுட்டால் 40 தடவை அதே மென்மை. உறை கைக்கு வந்தவுடன் இழுப்பு நின்றுவிடும். கைக்கு வேண்டியது கிடைத்துவிட்டதே. அடுத்த தோட்டாவையும் மேகசினிலிருந்து எடுப்பதில்லை. மேசைமேல் இருப்பதை ஒவ்வொன்றாகச் சேம்பரில் போட்டு மூடுவார். அதாவது இத்தனை வருஷமும் அவர் கை, போல்ட் கடைசியில் மோதும் ‘டக்’கையே கேட்டதில்லை. ஸ்டிக்ஸ் மேல் அவசரத்தில் நிற்கும்போது, கை தான் அறிந்த தூரத்தைத்தான் இழுத்தது. தோட்டா கட்டுபவர்களிடம் இந்தக் கோளாறு அதிகம் தென்படுவதில் ஆச்சரியமே இல்லை.

நசுங்கல் பயமும் பெரும்பாலும் வீண் பயம். வாயில் விழும் சிறு நெளிவை, உறையைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் டை என்ற அச்சில் ஏற்றும்போது உள்ளே போகும் விரிகுண்டே நேராக்கிவிடும். உறையைக் கொல்வது வேறு: அடித்தடிப்புக்குச் சற்று மேலே உள்சுவர் மெலிவது. வெளியே பளிச்சென்ற வளையம் தெரியும். அதற்கு முன்பே, முனை வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டுச் சுவரில் உரசினால் பள்ளம் தட்டுப்படும். தட்டுப்பட்டால் அந்த உறையைத் தூக்கி எறிய வேண்டும்.

இரண்டாவது காரணம் .22. அதன் தோட்டா முழுசும் 25.4 மி.மீ.தான், போல்ட் ஓட்டமும் அதற்கேற்பக் குட்டை. மலிவு, உதை இல்லை, சத்தம் குறைவு என்று ஒன்றுக்குப் பத்தாக .22-இல் சுடுகிறோம். குறி பார்க்கவும் விசை அழுத்தவும் அதைவிட நல்ல ஆசான் இல்லை. போல்ட் இழுக்கும் பாடத்தை மட்டும் அது தப்பாகச் சொல்லிக்கொடுக்கும்.

மூன்றாவது, ஸ்கோப். இதை யாரும் முதலில் சந்தேகிப்பதில்லை. இவர் ரைஃபிளில் ஸ்கோப் ஒரு சென்டிமீட்டர் அதிகமாக முன்னால் பூட்டப்பட்டிருந்தது. முழு வட்டமும் தெரிய வேண்டும் என்றால் முகத்தைக் கட்டைமேல் முன்னால் நகர்த்தியாக வேண்டும். அங்கே முகம் இருக்கும்போது போல்டை முழுக்க இழுத்தால் அதன் பின்முனை மூக்கையோ கண்ணாடிச் சட்டத்தையோ தொடும். ஒரு தடவை தொட்டால் போதும். அடுத்த தடவை கை தானாகவே குறைத்து இழுக்கும், அல்லது தலை கட்டையை விட்டு எழும்பும். சோதிப்பது சுலபம். கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் ஏற்றி, கன்னத்தை வசதியாகச் சாய்த்து, பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். ஓரத்தில் கறுப்பு நிழல் இல்லாமல் முழு வட்டம் தெரிந்தால் ஸ்கோப் சரியான இடத்தில் இருக்கிறது. கழுத்தை நீட்டினால்தான் தெரிகிறது என்றால் ஸ்கோப்பைப் பின்னால் நகர்த்த வேண்டும். நின்றபடியும் படுத்தபடியும் பார்க்க வேண்டும். படுக்கும்போது தலை இயல்பாகவே முன்னால் போகும், அந்த நிலையிலும் கண்ணுக்கும் லென்ஸுக்கும் நடுவே குறைந்தது 80 மி.மீ. இல்லையென்றால் உதையில் புருவம் கிழியும். நகர்த்திய பிறகு குறியை மறுபடி சரிபார்க்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நான்காவது, தோட்டா சம்பந்தப்பட்டதுதான், ஆனால் சுற்றி நின்றவர்கள் சொன்ன வழியில் அல்ல. இவர் உறையின் கழுத்தை மட்டும் அளவாக்குபவர். அப்படிச் செய்தால் மூன்று நான்கு சுற்றுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே சரியும் உறையின் தோள் வளர்ந்து, போல்ட் மூட இறுகும். இறுகும் போல்டை மூட ரைஃபிளைத் தோளிலிருந்து இறக்கி, கையை மாற்றிப் பிடித்து, அழுத்த வேண்டியிருக்கிறது. மேசையில் சுடும்போது இது யாருக்கும் தொந்தரவில்லை; ஸ்டிக்ஸ் மேல் அவசரத்தில் நிற்கும்போது கையின் ஓட்டமே அறுந்துபோகும். வேட்டைத் தோட்டாவுக்கு முழு நீள டை போட்டு, சுட்ட உறையின் அளவைவிடத் தோளை 0.05 மி.மீ. பின்னே தள்ளினால் போதும். அதற்கு மேல் தள்ளினால் சுவர் மெலிவது சீக்கிரம் வரும். உறை நீளம் 51.18 தாண்டாமல் 50.93-க்கு வெட்டி வைக்க வேண்டும். கட்டிய ஒவ்வொரு வேட்டைத் தோட்டாவையும் வேட்டைக்கு முன்பே மேகசின் வழியாக ஒரு தடவை ஏற்றி இறக்கிப் பார்ப்பது நல்லது; அதை ரேஞ்சில் செய்யுங்கள், வீட்டில் வேண்டாம். இறுக்கம் போல்டைத் திறக்கும்போது வந்தால், பிரைமரும் தட்டையாகிக் கிடந்தால், அது அளவுக் கோளாறு அல்ல, அழுத்தக் கோளாறு. சுடுவதை அங்கேயே நிறுத்த வேண்டும். தென்னாப்பிரிக்கத் தயாரிப்பான பி.எம்.பி. உறையின் சுவர் தடிப்பு, உள்ளிடம் குறைவு. வேறு உறைக்கென்று பார்த்த மருந்தளவை அதில் அப்படியே போட்டால் முதலில் தெரியும் அறிகுறி இதுதான்.

திருத்தப் போய் வந்த இரண்டாவது கோளாறு

“முழுக்க இழுங்க” என்று சொன்ன முதல் வாரத்திலேயே வேறொன்று முளைத்தது. டம்மி வைத்துப் பழகும்போது போல்டைப் பாதி முன்னே தள்ளி, சந்தேகம் வந்து, சரியாக இழுத்தோமா என்று பார்க்க மறுபடி பின்னால் இழுத்தார். முன்னே தள்ளப்பட்ட டம்மி சேம்பரிலேயே நின்றுவிட்டது. போல்ட் பின்னால் போனதும் அடுத்த டம்மி எழும்பியது. தள்ளினார், இரண்டாவதன் மூக்கு முதலாவதன் அடியில் மோதி நின்றது.

இந்த ரைஃபிளில் போல்ட் தோட்டாவை வெறுமனே முன்னே தள்ளுகிறது. கைப்பிடி கீழே இறங்கும் கட்டத்தில்தான் எக்ஸ்ட்ராக்டர் என்ற கொக்கி தோட்டாவின் அடிவிளிம்பைக் கவ்வும். அதற்கு முன் பின்வாங்கினால் தோட்டா அனாதை. உயிருள்ள தோட்டாவாக இருந்தால் கூர்மூக்குக் குண்டு முன்னிருக்கும் பிரைமரைக் குத்துகிறது, பூட்டும் திறந்திருக்கிறது. அந்த இடத்தில் பலம் போட்டுத் தள்ளவே கூடாது. குழல் முனை பாதுகாப்பான திசையில் இருக்க, போல்டைப் பின்னால் இழுத்துப் பிடித்து, பின் தோட்டாவை விரலால் எடுத்து, மேகசினின் அடித்தட்டைத் திறந்து மிச்சத்தைக் கொட்டி, பிறகு போல்டை மூடித் திறந்து சேம்பரில் இருப்பதை வெளியே எடுக்க வேண்டும். விரல் விசைப் பக்கமே போகக் கூடாது.

1899–1902 ஆங்கிலோ-போயர் போரில் போயர்கள் கையில் இருந்த 7×57 மவுசரிலும், அதன் தம்பியான மவுசர் 98-இலும், இந்தச் சிக்கல் வராது. அங்கே தோட்டா மேகசினிலிருந்து எழும்பும்போதே அகலமான நகம் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். எந்த இடத்தில் பின்வாங்கினாலும் தோட்டா கூடவே வரும். ஆனால் அதன் எஜெக்டர் ரிசீவரில் நிலையாக நிற்கும் தகடு. போல்ட் கடைசிவரை வந்தால்தான் உறை தெறிக்கும். குறைத்து இழுத்தால் சுட்ட உறையே சேம்பருக்குத் திரும்பிப் போகும். அங்கேயும் ‘டிக்’தான். அத்தோடு, மவுசர் வைத்திருப்பவர் ஒற்றைத் தோட்டாவை நேரே சேம்பரில் போட்டு மூடக் கூடாது. மேகசினுக்குள் அழுத்திவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் நகம் விளிம்பின் மேல் ஏறித் தாண்ட வேண்டியிருக்கும், பழைய நகம் உடையும்.

திருத்தம் ஒரே வரிதான்: எடுத்த அசைவை முடிக்காமல் திசை மாற்றாதே. மேலே தூக்கினால் முழுக்க, பின்னே இழுத்தால் மோதும்வரை, முன்னே தள்ளினால் கைப்பிடி கீழே பூட்டும்வரை. சந்தேகம் வந்தால் பூட்டிய பிறகு வரட்டும்.

வீட்டுப் பயிற்சி

தோட்டாவெல்லாம் பாதுகாப்புப் பெட்டியில், பெட்டிச் சாவி உங்கள் சட்டைப் பையில், ரைஃபிள் வெளியே. சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டு விரலை விட்டும் பார்க்க வேண்டும். மேகசின் தட்டையும் அழுத்திப் பார்க்க வேண்டும். வீட்டில் இன்னொரு பெரியவர் இருந்தால் அவரையும் பார்க்கச் சொல்வது நல்லது. குறி வைக்கும் சுவருக்குப் பின்னால் மண்மேடோ, ஆள் புழங்காத வெளியோ இருக்க வேண்டும். பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவர் ஆகாது. பயிற்சி முடிந்ததும் “முடிந்தது” என்று வாய்விட்டுச் சொல்லி ரைஃபிளைப் பூட்டிவிட வேண்டும். “இன்னும் ஒரே ஒரு தடவை” என்று திரும்ப எடுக்கும்போதுதான் சுவரில் ஓட்டை விழுகிறது.

டம்மி ஐந்து வேண்டும். கடையில் வாங்கலாம். வீட்டில் செய்வதானால் சுட்ட உறையை அளவாக்கி, பழைய பிரைமரைத் தட்டி எடுத்து, உறையின் வயிற்றில் எதிரெதிராக 3 மி.மீ. ஓட்டை இரண்டு துளைத்து, குண்டை 71 மி.மீ.க்குள் பதிக்க வேண்டும். பிரைமர் பள்ளத்தில் ரப்பர் துண்டு. ஓட்டை இல்லாத டம்மி டம்மியே அல்ல. நூறு தடவை ஏற்றி இறக்கினால் குண்டு உள்ளே அமுங்கும். நீளம் குறைந்ததைக் குப்பையில் போடுங்கள்.

நின்றுகொள்ளுங்கள். ஸ்கோப் மூன்று மடங்குப் பெரிதாக்கலில். ஐந்து மீட்டரில் சுவர்ப் புள்ளி மங்கலாகத்தான் தெரியும், ஸ்கோப் நூறு மீட்டர் போன்ற தூரத்துக்குச் செய்தது, பரவாயில்லை. விசையை அழுத்தி ‘டிக்’ கேட்டதும், விரல் விசைக்கூண்டை விட்டு வெளியே. திறந்த உள்ளங்கையால் குமிழை மேலே தூக்கி, அதே ஓட்டத்தில் கட்டைவிரலும் ஆட்காட்டியும் பிடித்துப் பின்னே இழுத்தால் ‘டக்’. உள்ளங்கையால் முன்னே தள்ளிக் கீழே பூட்டு. கன்னம் கட்டையை விட்டு எழும்பக் கூடாது. கண் புள்ளியை விட்டு போல்டைப் பார்க்கக் கூடாது. இடக்கை ரைஃபிளைத் தோளுக்குள் இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். அது தளர்ந்தால் போல்டை இழுக்கும்போது ரைஃபிளே கூட வரும், இழுத்த தூரம் அந்த அளவுக்குக் குறையும்.

ஐந்து டம்மியில் ஆறு சுற்று, முப்பது இழுப்பு, பத்து நிமிஷம், வாரத்துக்கு நான்கு நாள். முதல் இரண்டு வாரம் கடிகாரமே வேண்டாம். காது ‘டக்’கைத் தேடட்டும். பிறகு டைமரை 4 நொடிக்கு வைத்து, ‘டிக்’கிலிருந்து அடுத்த ‘டிக்’வரை. முப்பதும் சுத்தமாக வந்தால் 3.5, பிறகு 3. ஒரே ஒரு குறை இழுப்பு வந்தாலும் அந்த வாரம் முழுக்கப் பழைய நேரத்துக்கே திரும்ப வேண்டும். அதிகத் தடவை செய்வதால் லாபமில்லை. கை சோர்ந்தபின் செய்யும் இழுப்பு சோர்ந்த இழுப்பைத்தான் பழக்கும். .308 போன்ற நடுவடி (உறையின் அடியில் நடுவே ஊசி அடிக்கும்) ரைஃபிளை இப்படி வெறுமனே அடிப்பதால் கெடுதல் இல்லை. .22-ஐ டம்மி இல்லாமல் அடிக்காதீர்கள். ஊசி சேம்பரின் ஓரத்தைக் கொத்தும்.

ரேஞ்சில்

வாரம் ஒரு நாள், 20 தோட்டா. மேசையில் குறிபார்க்கும் குண்டுக்கும் மேகசினிலிருந்தே ஏற்ற வேண்டும், முழுக்க இழுக்க வேண்டும். உறைக்காக வலப்பக்கம் இரண்டு மீட்டர் தள்ளி ஒரு கான்வாஸ் விரித்தால் போதும். எல்லாம் அதில் விழும், கடைசியில் வாரிக்கொள்ளலாம். அப்படி விரித்த பிறகுதான் இவருக்கு மனசு வந்தது.

வேகமாக இழுக்கப் பழகியவருக்கு, அதுவும் தோட்டா கட்டுபவருக்கு, ஓர் எச்சரிக்கை. சத்தம் ‘புஸ்’ என்று வந்தால், உதை குறைந்தால், கை நிற்க வேண்டும். மருந்தில்லாத தோட்டாவாக இருந்து குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். முப்பது நொடி காத்து, இறக்கி, போல்டைக் கழற்றி, குழலின் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே மேலே. இதற்கும் வெற்றுப் பயிற்சி உண்டு: இழுக்கத் தொடங்கும்போது கூட இருப்பவர் “நில்” என்று எதிர்பாராமல் கத்த வேண்டும், கை அங்கேயே நிற்க வேண்டும்.

மேகசினை நிரப்புவது தனிப் பாடம். தோட்டாவின் அடி பின்சுவரைத் தொட்டிருக்க, கட்டைவிரலால் நடுவில் நேராகக் கீழே அழுத்த வேண்டும்; மூக்குப் பக்கம் அழுத்தினால் சாயும். உதிரித் தோட்டாவை வலப்பக்கப் பையில், மூக்கு கீழே பார்த்தபடி, ஐந்தே ஐந்து. சாவிக்கொத்தும் கத்தியும் அதே பையில் கூடாது. இரண்டு சுட்டு இரண்டு நிரப்பி மறுபடி இரண்டு சுடுவது நல்ல பயிற்சி. ஆள் ரைஃபிளைக் கவனிக்கும்போது குழல் முனை எங்கே அலைகிறது என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

சட்டம் பற்றிக் கேட்பவர்களுக்கு. தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டு 60-ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் சாதாரண உரிமக்காரருக்கு ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டா, 2,400 பிரைமர் என்பது வரம்பு. அங்கீகாரம் பெற்ற சங்கத்தில் அர்ப்பணிப்புச் சுடுநர் தகுதி பெற்றவருக்குத் தோட்டா வரம்பு தளரும். போகும் வழியில் ரைஃபிள் உறைக்குள் முழுக்க மூடியிருக்க வேண்டும், உங்கள் கைப்பொறுப்பில் இருக்க வேண்டும். பக்கியில் (பின்னால் திறந்த சிறு சரக்கு வண்டியில்) விட்டுவிட்டுக் கடைக்குள் போவது கதைக்கு உதவாது. தகுதிச் சான்றுக்கான 119651-ஆம் எண் ரைஃபிள் பாடத்தில் ஏற்றுவதும் இறக்குவதும் உண்டு. அது பாதுகாப்பாகக் கையாளத் தெரியுமா என்பதற்கான சோதனை. இரண்டாவது குண்டின் வேகத்துக்கு அது பொறுப்பேற்காது.

விளைவு

ஸ்கோப் பின்னால் போனது, கழுத்து டை பெட்டிக்குள் போனது, வெற்றுப் பயிற்சி எட்டு வாரம் நடந்தது. அதே 20 நொடிப் பயிற்சியில் மூன்று குண்டும் வட்டத்துக்குள், நேரம் மிச்சம். குறை இழுப்பு மேசையில் முற்றிலும் நின்றுவிட்டது. ஸ்டிக்ஸ் மேல், மூச்சு வாங்க நூறு மீட்டர் நடந்துவந்து நிற்கும்போது, இன்னும் எப்போதாவது தலை கட்டையை விட்டு எழும்புகிறது. எழும்பினால் குண்டு இடப்பக்கம் போகிறது. அது கால் வைப்பு, ஸ்டிக்ஸ் உயரம் இரண்டையும் தொட்ட விஷயம். ஸ்டிக்ஸைத் தாடை உயரத்திலிருந்து மார்பு உயரத்துக்கு இறக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். .22 இப்போது வெற்றுப் பயிற்சிக்கு முன்னால் மட்டும், பின்னால் இல்லை. நாளின் கடைசி இழுப்பு .308-இன் நீள இழுப்பாகவே இருக்கும்படி வரிசை மாற்றப்பட்டிருக்கிறது.